பனிக்கும் சாலைக்கும் ஒரே பூட்

ஐஸ் ஸ்கேட்டையும் ரோலர் ஸ்கேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேல்பாதி ஏறக்குறைய ஒன்றுதான். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பூட், அதன் நாக்கு, கயிறு, கெட்டியான அடித்தட்டு. வேறுபாடெல்லாம் அந்த அடித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒன்றில் எஃகு பிளேடு. மற்றதில் சக்கரங்களை வரிசையாகக் கோத்த ஃப்ரேம். பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு கீழ்ப்பாதியை மட்டும் கழற்றி மாட்ட முடிந்தால், குளிர்காலத்தில் பனித்தளத்துக்கும் கோடையில் சாலைக்கும் ஒரே ஜோடி போதும். நல்ல பூட்டின் விலைதான் ஸ்கேட்டின் விலையில் பெரும்பங்கு என்பதால் மாற்றுக் காலணி என்ற இந்த யோசனைக்கு எப்போதும் ஈர்ப்பு உண்டு. சொல்லும்போது சுலபமாகத் தெரியும் இந்த வேலை, செய்யப் போனால் வடிவமைப்பாளரைப் பாடாய்ப் படுத்துகிறது.

முதலில், இரண்டு தளத்திலும் ஒரே உடலசைவு எப்படிப் பலிக்கிறது என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது மனிதன் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறான். ஸ்கேட் செய்பவர் பக்கவாட்டில் தள்ளுகிறார். பிளேடு தன் நீளவாக்கில் கிட்டத்தட்ட தடையே இல்லாமல் வழுக்கும். குறுக்கே மட்டும் பனியில் கடித்து நிற்கும். சக்கரமும் அப்படித்தான்: முன்னும் பின்னும் உருளும், பக்கத்தில் நகராது. ஒரு திசையில் தாராளம், குறுக்குத் திசையில் பிடிவாதம். இந்தக் குணம் இரண்டுக்கும் பொது. அதனால்தான் சாய்ந்து, ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டித் தள்ளி, மறு காலில் எடையை மாற்றும் அதே தாளம் பனியிலும் தாரிலும் செல்லுபடியாகிறது.

ஆனால் வழுக்கலின் காரணம் வேறு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரைப்போல் இளகிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. பிளேடு உரசும் வெப்பம் அதை இன்னும் தாராளமாக்குகிறது. பிளேடின் அழுத்தத்தால் பனி உருகுவதே காரணம் என்று நெடுநாள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. கடுங்குளிரில் அந்தக் கணக்கு மட்டும் போதாது என்று பின்னர் தெளிவானது. சக்கரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் பாலியூரித்தேன் தரையில் பட்டு நசுங்கி, மீண்டும் விரியும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை விழுங்கிவிடும். ஆகவே அதே உந்துக்கு பனியில் போகும் தூரம் சாலையில் போகாது.

காலணியும் பிளேடும் தனித்தனியாக இருப்பது புதுமை அல்ல. பழைய நிலையே அதுதான். வடக்கு ஐரோப்பாவில் 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே விலங்கு எலும்பைத் தீட்டிக் காலடியில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலை ஊன்றி உறைந்த ஏரிகளைக் கடந்தார்கள். நடுக்கால நெதர்லாந்தில் மரக்கட்டையில் பதித்த இரும்புப் பிளேடு வந்தது. அதையும் அன்றாடம் அணியும் காலணியோடு வாரால்தான் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிலடெல்ஃபியாவின் ஈ.வி. புஷ்னெல் முழுக்க எஃகாலான ஸ்கேட்டைச் செய்து, காலணியின் அடியைக் கவ்வும் கவ்விகளை அதில் வைத்தார். சக்கர ஸ்கேட்டும் பின்னாளில் இதே வழியில் போனது. அமெரிக்காவில் பல தலைமுறைப் பிள்ளைகள், கவ்வியை முறுக்கும் சின்னச் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்த நாளில் எல்லாக் காலணியுமே மாற்றுக் காலணிதான்.

அந்தப் பிரிவினையை முடித்துவைத்தவர்களில் முதன்மையானவர் ஜாக்சன் ஹெய்ன்ஸ். பாலே தெரிந்த இந்த அமெரிக்கர் 1860களில் ஐரோப்பாவுக்குப் போய், இசைக்கு ஏற்றபடி பனியில் ஆடிக் காட்டினார். அவர் பிளேடைப் பூட்டின் அடியில் நிரந்தரமாகத் திருகி முடுக்கிக்கொண்டார். கட்டு நெகிழும், கவ்வி கழலும் என்ற பயம் போனதும் தாவலும் சுழற்சியும் கைகூடின. மாற்றுக் காலணியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிகழ்விலேயே அடங்கியிருக்கிறது. உறுதிக்காகத்தான் பூட்டும் பிளேடும் ஒன்றாயின. மறுபடி பிரிக்க விரும்புகிறவர், அந்த உறுதியைக் கைவிடாமல் பிரிக்க வேண்டும்.

சக்கரத்தின் பக்கம் கதை வேறு. அது தொடக்கம் முதலே பனியின் நகலாக இருக்கப் பாடுபட்டது. பெல்ஜியத்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்த கருவி வினைஞர் ஜான் ஜோசஃப் மெர்லின், 1760களில் சக்கரம் வைத்த காலணியோடு ஒரு விருந்து மண்டபத்தில் வயலின் வாசித்தபடி நுழைந்தார் என்றும், நிற்கவோ திரும்பவோ வழியில்லாமல் விலையுயர்ந்த பெரிய கண்ணாடி ஒன்றின்மேல் மோதினார் என்றும் ஒரு நிகழ்ச்சி சொல்லப்பட்டு வருகிறது. 1819இல் பிரான்சின் பெத்திப்லே ஒரே வரிசையில் சக்கரங்கள் கொண்ட ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1823இல் லண்டனில் ராபர்ட் ஜான் டயர்ஸ் ஐந்து சக்கரங்களை வரிசையாக வைத்தார். இவர்கள் கண்முன் இருந்தது பிளேடின் ஒற்றைக் கோடுதான். 1849இல் பாரிஸில் மேடையேறிய, இசையமைப்பாளர் மேயர்பீரின் ஓப்பரா ஒன்றில், உறைந்த ஏரியில் சறுக்குவதுபோல் காட்ட ஆட்டக்காரர்கள் சக்கர ஸ்கேட்டில்தான் வந்தார்கள்.

நகல் வழியை விட்டு விலகியவர் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன். 1863இல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம் வைத்து, அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை கொடுத்தார். பாதத்தைச் சாய்த்தால் அச்சு தானாகத் திரும்பும். ஆட்டமும் வளைவும் எளிதாயின. ரோலர் ஸ்கேட்டிங் பொதுமக்கள் விளையாட்டானது. ஆனால் பனியின் உணர்விலிருந்து அது வெகுதூரம் போய்விட்டது. அகலமான இந்த அமைப்பைப் பிளேடுக்கு மாற்றாக ஒரே பூட்டில் மாட்டினால், கணுக்கால் இரண்டு வேறு மொழி பேச வேண்டியிருக்கும். மாற்றுக் காலணிக்கு ஏற்றது ஒற்றை வரிசைதான்.

அது திரும்பி வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1980ஐ ஒட்டி மின்னசோட்டாவில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள், விளையாட்டுப் பொருள் கடையொன்றில் பழைய வரிசைச் சக்கர ஸ்கேட்டைக் கண்டார்கள். இருவரும் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்கள். ஏரி உருகிய மாதங்களில் பயிற்சிக்கு வழி தேடிக்கொண்டிருந்தவர்கள். ஹாக்கி பூட்டின் அடியிலிருந்து பிளேடை எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் சக்கரம் கோத்த ஃப்ரேமைப் பொருத்தினார்கள். ரோலர்பிளேட் என்று உலகம் அறிந்த பொருள் அங்கே தொடங்கியது. ஒரு பூட்டை இரண்டு பருவத்துக்கும் பயன்படுத்தும் ஆசையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி இணைப்புக்கு வருவோம். பூட்டும், பிளேடையோ சக்கரங்களையோ தாங்கும் அடிச்சட்டமும் சேரும் அந்த இடம்தான் மாற்றுக் காலணியின் உயிர். வடிவமைப்பாளர் முதலில் கொல்ல வேண்டிய எதிரி, மெக்கானிக்குகள் ‘ஆட்டம்’ என்று சொல்வது. கதவுக் கீல் தேய்ந்தால் கதவு லொடலொடக்குமே, அது. பூட்டடியில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு கவ்வி இருப்பதாகவும், அதில் அரை மில்லிமீட்டர் மட்டும் ஆட்டம் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்தால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பிளேடின் விளிம்பு கவ்விக்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே இருக்கும்போது, மேலே அரை மில்லிமீட்டர் கீழே ஒன்றேகால் மில்லிமீட்டராகப் பெருகும். ஹாக்கி பிளேடின் தடிமனே சுமார் 3 மி.மீ.தான். விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைக் காலால் உணர்ந்துதான் ஸ்கேட் செய்கிறார்கள். அந்த விளிம்பு ஒவ்வொரு தள்ளிலும் இப்படி இடம்பெயர்ந்தால் கால் எதை நம்பும்?

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பூட்டை இடக்கையில் குதிகால் பக்கம் பிடித்து, வலக்கையால் ஃப்ரேமின் முன்முனையைப் பற்றி, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் பூட்டும் ஃப்ரேமும் ஒரே கட்டையாக எதிர்க்கும். மோசமான இணைப்பு ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் எதிர்க்கும். அந்தச் சத்தம் புதிதிலேயே கேட்டால், ஒரு பருவம் தேய்ந்த பிறகு நிலைமை எப்படி இருக்கும் என்று யூகிக்கலாம்.

இணைப்பில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. பழையதும் நம்பகமானதும் போல்ட். பூட்டின் அடித்தட்டில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என மரை கொண்ட உலோகத் துளை. அதில் 6 மி.மீ. போல்ட். அல்லன் கீ ஒன்று இருந்தால் ஒரு ஜோடியைச் சில நிமிடங்களில் மாற்றலாம். இரண்டாவது, நெம்புகோலை அழுத்தினால் கழன்று வரும் விரைவுத் தாழ். இதில் சரிவான ஆப்புபோன்ற தட்டு காடியில் நுழைந்து இறுகுவதே நல்ல வடிவம். நேரான காடியில் தேய்மானம் அப்படியே ஆட்டமாக மாறும், சரிவான ஆப்பு தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். முதல் தாழ் தவறினாலும் காலை விடாத இரண்டாவது தடை ஒன்றும் வேண்டும். வேகத்தில் ஒரு காலின் அடிச்சட்டம் கழன்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வழி, நடக்கும் காலணியையே வாரும் கிண்ணமும் வைத்துப் பிடிக்கும் தாங்கி. பழைய கவ்வி ஸ்கேட்டின் பேரப்பிள்ளை அது. வேடிக்கைக்கு உதவும், விளையாட்டுக்கு உதவாது. ஐந்து நிமிடம் மிச்சப்படுவதைவிட அசையாத இணைப்பே மேல் என்று எண்ணுகிறவருக்கு போல்ட்தான் சரியான விடை. பனித்தளத்தின் வாசலில் நின்று யாரும் ஒரு நாளில் பத்து முறை மாற்றப்போவதில்லை.

இணைப்பு உறுதியானால் அடுத்த கேள்வி வடிவக்கணக்கு. பிளேடு பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் அதன் அடிப்பக்கம் பெரிய வட்டத்தின் ஒரு துண்டு. ஹாக்கி பிளேடில் அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 3 மீட்டர். பனியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பதிந்தால் சுமார் 5 செ.மீ. நீளம்தான் தொடும். அதனால்தான் பாதம் அந்த இடத்திலேயே சட்டென்று திரும்பிவிடுகிறது. நெடும்பாதை வேக ஸ்கேட்டில் ஆரம் 20 மீட்டரைத் தாண்டும். தொடும் நீளமும் அதற்கேற்ப நீளும், நேர்கோட்டில் நிலைத்து ஓடும். சக்கரங்கள் நான்கும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது மிக நீண்ட, மிகத் தட்டையான பிளேடுக்குச் சமம். பனியிலிருந்து வந்தவர் அதில் திரும்ப முயன்றால் தண்டவாளத்தில் ஏறிவிட்டதுபோல் இருக்கும். இதற்காக நடுவிரண்டு சக்கரங்களைச் சற்றே தாழ்த்தி, அல்லது முன்பின் சக்கரங்களைச் சிறிதாக்கி, பிளேடின் வளைவை வரவழைக்கிறார்கள். ஃப்ரேமையே இரண்டாகப் பிரித்து, மேல்பாகம் கீழ்ப்பாகத்தின்மேல் தொட்டில்போல் முன்பின் உருளும்படி செய்த சுவீடிஷ் வடிவமைப்பும் இருக்கிறது.

உயரமும் சும்மா விடாது. 80 மி.மீ. சக்கரத்தின்மேல் பாதம் உட்கார வேண்டுமானால் அது தரையிலிருந்து 8 செ.மீ.க்கு மேல்தான் இருக்க முடியும். சக்கரம் பெரிதானால் கரடுமுரடான சாலையில் ஓட்டம் சீராகும். ஆனால் கணுக்கால் இன்னும் உயரத்தில் நின்று தள்ளாடும். பிளேடுத் தாங்கியையும் சக்கர ஃப்ரேமையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு, குதிகால் முன்பாதத்தைவிட ஒரே அளவு எழும்பும்படி செய்வது மாற்றுக் காலணியில் மிக அவசியம். குதிகால் சில மில்லிமீட்டர் மாறினாலே முழங்காலின் மடிப்பும் இடுப்பின் சாய்வும் மாறிவிடும். அடிச்சட்டம் பாதத்தின் நடுக்கோட்டில் எங்கே நிற்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் போல்ட் துளைகளை வட்டமாக விடாமல் நீள்வட்டமாக வெட்டுகிறார்கள். ஒற்றைக் காலில் நின்றால் உடல் உட்பக்கம் சரிகிறதா, வெளிப்பக்கம் சரிகிறதா என்று பார்த்து, போல்ட்டைத் தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி முடுக்கி, மறுபடி நின்று பார்ப்பார்கள். அந்த இடம் கிடைத்துவிட்டால் தட்டில் பேனாவால் ஒரு கோடு. அடுத்த முறை மாற்றும்போது கோட்டுக்கு நேராக வைத்தால் போதும்.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் நிறுத்துவதில் இரண்டும் ஒன்றாகாது. பனியில் இரு பிளேடையும் குறுக்கே திருப்பினால் விளிம்பு பனியைச் சீவிக்கொண்டே ஆளை நிறுத்திவிடும். தாரில் சக்கரத்தைக் குறுக்கே திருப்பினால் அது சீவாது, பிடித்துக்கொள்ளும். ஆள் முன்னால் பறப்பார். எனவே சக்கர அடிச்சட்டத்தில் குதிகால் பிரேக் மாட்டும் இடம் இருந்தே ஆக வேண்டும். மாற்றுக் காலணி வாங்குபவருக்கு இதைச் சொல்லித் தராமல் விற்பது தவறு. பனியில் தேர்ந்தவர்தான் சாலையில் முதல் நாள் இந்தப் பழக்கத்தால் அடிபடுவார்.

பூட்டுக்கும் இரண்டு எஜமானர்கள். சாலையின் ஒவ்வொரு சிறு கல்லும் அதிர்வாக மேலேறி வரும்; வெயிலில் பாதம் வியர்த்து வீங்கும். காற்றோட்டமும் மெத்தென்ற உள்ளுறையும் அங்கே தேவை. பனித்தளத்தில் அதிர்வே இல்லை. அங்கே தடித்த உள்ளுறை விளிம்பின் உணர்வை மழுக்கும்; காற்றுத் துளை குளிரை உள்ளே விடும்; ஈரமான காலுறை விரல்களை விறைக்க வைக்கும். நடைமுறைத் தீர்வு, கெட்டியான ஓடு ஒன்று, உள்ளுறை இரண்டு. சூடாக்கினால் இளகிப் பாதத்தின் அச்சில் படியும் பூட்டுகள் இப்போது பரவலாகக் கிடைப்பதால், மெல்லிய உள்ளுறையோடும் கால் நன்றாகப் பொருந்துகிறது.

நீரும் துருவும் கவனிக்கப்படாத செலவு. பிளேடு எஃகு, ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் மறுநாளே விளிம்பில் செம்புள்ளி தெரியும். சக்கரத்தில் இருப்பது 608 எனும் அளவு பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கு சக்கர ஜோடிக்குப் பதினாறு. ஈரப் பிளேடையும் சக்கர ஃப்ரேமையும் ஒரே பையில் திணித்தால் இந்தப் பதினாறுக்கும் கேடு. அலுமினியத் தட்டில் எஃகு போல்ட் நெடுநாள் ஈரத்தில் கிடந்தால் மரை பிடித்துக்கொள்ளும். ஒரு துளி கிரீஸ் அதைத் தடுக்கும். சாணை பிடிப்பதும் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியது. பிளேடின் அடிப்பக்கம் தட்டை அல்ல. நடுவில் குழிவும் இருபுறம் இரு கூர்விளிம்புகளும் உண்டு. ஹாக்கியில் குழிவின் ஆரம் பெரும்பாலும் அரை அங்குலம். இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் பூட் ஒரு பக்கமாகவே இழுக்கும். குற்றம் இணைப்பின்மேல் விழும்.

மாற்றுக் காலணியின் கருத்து மிகச் சிறப்பாகப் பலித்த இடம் வேக ஸ்கேட்டிங். முன்பின் துளைகளுக்கு இடையே 165 மி.மீ. என்ற அளவு ஐஸ் பூட்டிலும் சக்கர பூட்டிலும் பொது வழக்கமாக அமைந்தது. யாரும் அறிவித்து நடத்திய புரட்சி அல்ல; ஆனால் விளைவு பெரிது. பெரிய சக்கரங்கள் வந்தபின் சக்கரப் பக்கம் 195 மி.மீ. அளவும் பரவியது, இரண்டுக்கும் துளை வைத்த பூட்டுகளும் உண்டு. காலுக்குப் பழகிய கார்பன் பூட்டை வைத்துக்கொண்டே வீரர்கள் தளம் மாறினார்கள். சக்கரத்தில் உலகப் பட்டங்கள் வென்ற டெக்சாஸின் சாட் ஹெட்ரிக், 2006 டுரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கம் வென்றார். பனி மிக அரிதான ஃபுளோரிடாவின் ஒக்காலாவில் சக்கரத்தில் வளர்ந்த எரின் ஜாக்சன், 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் தங்கம் பெற்றார். அதே போட்டிகளில் பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தின் தங்கத்தை எடுத்தார்.

பனி வேக ஸ்கேட்டில் மட்டும் இன்னொரு உறுப்பு உண்டு. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கேனாவ் குழு உருவாக்கிய கிளாப் ஸ்கேட்டில், முன்பாதத்துக்குக் கீழே கீல் இருக்கும். குதிகால் எழும்பினாலும் பிளேடு பனியை விடாது. கணுக்காலின் கடைசி உந்தும் வீணாகாது. 1980களின் நடுவில் உருவான இது, 1998 நகானோ ஒலிம்பிக்குக்குள் அந்த விளையாட்டையே மாற்றிவிட்டது. கீலும் ஸ்பிரிங்கும் முழுக்க அடிச்சட்டத்தில் இருப்பதால் பூட்டில் கை வைக்கத் தேவையில்லை. மாறுவதெல்லாம் கீழே, மாறாதது மேலே என்ற பிரிவினை இங்கே முழுமையாக நிற்கிறது.

சுவீடனில் இன்னொரு அழகான தீர்வு உண்டு. உறைந்த ஏரிகளில் நாள் முழுக்கப் பயணம் போகிறவர்கள் அரை மீட்டர் நீளப் பிளேடை, நெடுந்தூர ஸ்கீ பூட்டின் முன்விரலடியில் உள்ள சின்னக் கம்பியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதே கம்பியில் பனிமழைக்கு ஸ்கீயும், கோடைச் சாலைக்கு ரோலர் ஸ்கீயும் மாட்டலாம். கரையில் ஏறியதும் கழற்றிவிட்டு அதே பூட்டில் நடந்தும் போகலாம். குதிகால் கட்டப்படாததால் கூர்மையான திருப்பங்கள் இதில் வராது. நேர்ப்பயணத்துக்கு அது தேவையும் இல்லை.

ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மட்டும் மாற்றுக் காலணி பொருந்தாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாவி இறங்கும் கணத்தில் ஒற்றைப் பிளேடு உடல் எடையைப்போல் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. விரைவுத் தாழ் எதையும் அங்கே நம்ப முடியாது. பிளேடின் முனையில் உள்ள பற்களுக்கு ஈடாகச் சக்கர ஃப்ரேமில் ரப்பர் முனை வைத்து, பனி கிடைக்காத ஊர்களில் பயிற்சி நடத்துகிறார்கள். அதற்கென்று தனி பூட் வைத்துக்கொள்வதே வழக்கம்.

தமிழ்நாட்டில் போட்டி அளவிலான பனித்தளம் இல்லை. சக்கரம் நிறைய உண்டு. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் தங்கம் வென்றார். இந்தியர் ஒருவருக்கு அந்த விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. காலையில் பள்ளி மைதானங்களில் வட்டமடிக்கும் பிள்ளைகளுக்கு, பிளேடும் சக்கரமும் சேர்ந்த ‘டூ இன் ஒன்’ ஸ்கேட் என்று கடைகளில் விலை மலிவான ஜோடிகளைக் காட்டுவார்கள். அளவை நீட்டிச் சுருக்கும் பிளாஸ்டிக் ஓடும் சின்னத் தாழும் கொண்ட அவை தொடக்கத்துக்குப் போதும். வேகம் கூடத் தொடங்கியதும், ஒரே அளவில் காலுக்கு ஒட்டிப் பொருந்தும் பூட்டும், அடியில் 165 மி.மீ. இடைவெளியில் இரண்டு உலோக மரைத் துளையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. பிளேடை அன்றே வாங்க வேண்டியதில்லை. டேராடூனுக்கோ சிம்லாவுக்கோ வெளிநாட்டுப் பனித்தளத்துக்கோ போகும் நாள் வரும்போது, அந்த இரண்டு துளையில் அதை மாட்டிக்கொள்ளலாம்.